பரமு கழற்ற மறுத்த சங்கிலி

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் தம்பி துறைமுகத்தில் சாமான் மூட்டை விழுந்து செத்தபோது அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் என் பாயிலேயே படுக்கவைத்தேன். ஆறு பேரும் ஒழுங்காக இருக்கிறார்கள். ஒருவராலும் நான் தலை குனியவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் ஆயாவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேர் போன ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்தீர்கள். தேத்தண்ணீர் குடித்தீர்கள். “ஆயாம்மா, இந்த வேலையில அப்பிடி என்ன இருக்கு? பிள்ளைகளுக்குத் தண்ணி குடுக்கணும், விழுந்தா மருந்து போடணும், அவ்வளவுதானே?” என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி சிரித்தாள். சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்ல வேண்டிய பதில் அது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பெயர் எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். ஆகவே நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

விளையாட்டுப் பிள்ளைகளோடு வெளியே போகும் ஆயாவுக்கு ஒரு வேலை உண்டு, அதை ஒருவரும் வேலை என்று கணக்கில் எடுப்பதில்லை. நெட்போல் ஆடுகிற பிள்ளை கழுத்தில், காதில், கையில் ஒன்றும் போட்டிருக்கக் கூடாது. கீறிவிடும், இழுபட்டு அறுந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றி ஆயாவிடம் கொடுப்பார்கள். ஆயா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்துத் திருப்பிக் கொடுப்பாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முன்பிருந்த கிழவி ஒருத்தி எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் சொன்னாள். “வாங்கின கையிலதான் திருப்பிக் குடுக்கணும். தாய் வந்து கேட்டாலும் குடுக்காத. மதர் கேட்டாலும் குடுக்காத.” அவளுக்கு முன்னால் யாரோ ஒரு ஆயா, வாசல் கேற்றில் வந்து நின்ற பெண்ணை ஒரு பிள்ளையின் பெரியம்மா என்று நம்பிக் காப்புகளைக் கொடுத்துவிட்டாளாம். பெரியம்மாவும் இல்லை, காப்பும் இல்லை, பிறகு அந்த ஆயாவும் இல்லை. கிழவி இதைச் சொல்லிவிட்டு என் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், முடிச்சு இறுகியிருக்கிறதா என்று.

இப்போது பரமுவின் கதைக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம். கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. எங்களை வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு பெரிய வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் குண்டுக்குப் பயந்து ஊர்களுக்கு ஓடிவிட்டார்கள். ஓட ஊரில்லாதவர்களும் வேறு பள்ளிக்கூடங்கள் மூடியதால் எங்களிடம் வந்து சேர்ந்தவர்களும்தான் மிச்சம். இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு தூணோடு தனியாக நிற்கும். யாருக்கும் யாரையும் தெரியாது. பள்ளிக்கூடமா, ரயில் ஸ்டேஷனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அந்த மிச்சத்தைப் பொறுக்கித்தான் கேம்ஸ் மிஸ் ஒரு நெட்போல் டீம் சேர்த்தார். ஏழு பேர் வேண்டும், ஏழு பேர்தான் கிடைத்தார்கள். கப்டன் பிலோமினா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தகப்பனுக்குத் துறைமுகத்தில் தோணி வேலை, வாய் காதுவரை. சோமா என்று ஒரு சிங்களப் பிள்ளை. தாய் செத்து, தகப்பன் வேறு கல்யாணம் கட்டி, மாமன் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தவள். தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒருவரின் மகள். இன்னும் மூவர். கடைசியாக வந்தவள் பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பதினாறு வயது, மூங்கில் மாதிரி உயரம். வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருந்தாள். தன் தம்பியின் பிள்ளை என்று சொல்லித்தான் மாமி அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அவள் வாயைத் திறந்தால் வகுப்பில் சிரிப்பார்கள். அவளுடைய தமிழ் அப்படி. முதல் வாரத்தில் பிலோமினா யாழ்ப்பாணத்தாரைக் கேலி செய்கிற பெயரால் அவளைக் கூப்பிட்டு, “ஏய் பனங்கொட்ட, பந்து பிடிக்கத் தெரியுமா?” என்றாள்.

பரமு நிமிர்ந்து பார்த்தாள். “தோணிக்காரி எறிஞ்சாப் பிடிப்பன்.”

பிலோமினா எறிந்தாள், இவள் பிடித்தாள். அங்கிருந்தே கூடைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பனங்கொட்டை என்று கூப்பிட டீமுக்கு மட்டும்தான் உரிமை. வேறு ஒருத்தி கூப்பிட்டாள், பிலோமினா அவளைக் கிணற்றடிவரை துரத்திக்கொண்டு போனாள்.

சண்டைக் காலம், துணிக்குக் கூப்பன். ஏழு பேருக்கும் ஒரே மாதிரி உடுப்புக்கு வழியில்லை. ஒவ்வொருத்தியும் தன் பழைய பள்ளிக்கூடத்து டியூனிக்கைப் போட்டுக்கொண்டு வருவாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று வெளுத்துப் பெயரில்லாத நிறம். பார்க்கச் சந்தை மாதிரி இருக்கும். தையல் சிஸ்டர் வெள்ளை நூல்கண்டு கொஞ்சம் கொடுத்தார். சாயம் கிடைக்காதபடியால் நான் அதை அரைத்த மஞ்சளில் அவித்து, கொடியில் காயப்போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் கூடியிருந்து அதைப் பின்னி ஆளுக்கொரு இடுப்புக்கயிறு செய்தார்கள். டீமுக்குப் பொதுவாக இருந்தது அந்த மஞ்சள் கயிறு மட்டும்தான். தூணுக்குத் தூண் தனியாக நின்ற பிள்ளைகள் அந்தக் கயிற்றைக் கட்டிய நாளிலிருந்து ஒரே தூணடியில் நின்றார்கள்.

அந்த வருஷம் பெரிய ஆட்டம் ஹெவ்லொக் டவுனில், வேறொரு பள்ளிக்கூட மைதானத்தில். எங்கள் பெரிய மதரும் வந்திருந்தார். ஐரிஷ்காரி, நெடுங்காலம் இலங்கையில் இருந்தவர், தமிழில் அங்கொன்று இங்கொன்று தெரியும். வழக்கம்போலப் பிள்ளைகளின் தோடு, காப்பு எல்லாவற்றையும் வாங்கி முடிந்துகொண்டு ஒரு மாமரத்தடியில் நின்றேன். நடுவராக வந்தவர் ஒரு பறங்கி மிஸ். அதுவரை வந்த நடுவர்கள் கையையும் காதையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் கழுத்துக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். பரமுவிடம் வந்ததும் விரல் நின்றது.

“சங்கிலி. கழற்றிவிட்டு வா. இல்லாவிட்டால் வெளியே உட்கார்.” ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும்.

பரமு என்னிடம் வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

“கெதியாக் கழட்டு பிள்ள. விசில் அடிக்கப் போறாங்க” என்றேன்.

“ஏலாது ஆயா.”

“என்ன ஏலாது? சங்கிலிதானே? நான் வச்சிருக்கன்.”

“கழட்ட மாட்டன் ஆயா. நான் ஆடேல்ல. நான் இருக்கிறன்.”

கொக்கி இறுகியிருக்கிறதாக்கும் என்று நினைத்து அவளை மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய், சட்டையின் மேல் பொத்தானை நானே திறந்தேன். உள்ளே பாடியோடு ஊசி குத்தி வைத்திருந்த சங்கிலியை இழுத்தேன்.

தாலி.

பிள்ளைகளே, நான் பிரசவம் பார்த்திருக்கிறேன், பிணம் குளிப்பாட்டியிருக்கிறேன். குண்டு விழுந்த அன்று தெருவில் நின்றிருக்கிறேன். அந்த மாமரத்தடியில் விறைத்துப்போனதுபோல எங்கும் விறைத்ததில்லை. டியூனிக் போட்டு, இரட்டைப் பின்னல் கட்டி, நேற்றுவரை எனக்குத் தெரியாமல் ஜம்புப்பழம் களவெடுத்துத் தின்ற பிள்ளை! அவள் கழுத்தில் என் கழுத்தில் கிடப்பதுபோல ஒரு தாலி.

“இது என்னடி?”

“அவர் மலாயாவில, ஆயா.” அழாமல் சொன்னாள். “லீவில வந்தவர். கட்டிப்போட்டுப் போயிட்டார். கூப்பிடுறன் எண்டவர். பிறகு ஜப்பான்காரன் பிடிச்சிட்டான். உயிரோட இருக்கிறாரோ எண்டும் தெரியாது. அவர் அங்க எப்பிடிக் கிடக்கிறாரோ, நான் இதைக் கழட்டி... இல்லை ஆயா. அவருக்கு ஏதும் ஆகிப்போனால்?”

கல்யாணம் கட்டின பிள்ளைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. அது சட்டம். தெரிந்தால் அன்றைக்கே பெயரை வெட்டிவிடுவார்கள். பரமு போவதற்கு இடம் அந்த மாமி வீட்டு அடுப்படி மட்டும்தான். அவளுக்கென்று இந்தக் கொழும்பில் இருந்தது ஆறு சிநேகிதியும் ஒரு இடுப்புக்கயிறும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஆறு பேரும் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். நான் பதறிப்போய் என் தலைப்பால் அவளுடைய கழுத்தை மூடினேன்.

“மூட வேணாம் ஆயா” என்றாள் பிலோமினா. “எங்களுக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். வந்த புதுசில ஒருதரம் விழுந்தாளே, அப்ப வெளிய வந்திட்டுது.”

ஆறு வாய். அதிலும் பிலோமினாவின் வாய். அது இத்தனை மாதம் மூடியிருந்திருக்கிறது! உடுப்பு மாற்றும்போது இந்தப் பிள்ளைகள் ஏன் முதுகைக் காட்டி வட்டமாக நிற்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வளர்ந்த பிள்ளைகள், வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வட்டத்துக்கு நடுவில் எப்போதும் பரமு நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நங்கி ஆடாட்டி நாங்களும் இல்ல” என்றாள் சோமா. நங்கி என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி. “போய் மிஸ்ஸுக்குச் சொல்லுறது, வயித்துக் குத்து என்டு. ஏழு பேருக்கும் வயித்துக் குத்து.”

“பைத்தியமாடி? ஏழு பேருக்குமா?” என்றாள் பிலோமினா. பிறகு ஒன்றும் பேசாமல் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். “ஆயா! எங்கட அம்மாட தாலி அடகுக்குப் போகும்தானே?”

“அதுக்கு இப்ப என்னடி?”

“போகும்போது வெறுங்கழுத்தோடயா இருக்கிறா? மஞ்சள் கயிறு கட்டுறாதானே? முதல்ல கயிறக் கட்டிக்கிட்டு அப்புறம்தான் தங்கத்தக் கழட்டுறா. அப்பா நல்லாத்தான் இருக்கிறார். போன கிழமையும் குடிச்சிட்டு வந்து பாட்டுப் பாடினார்.” தன் இடுப்புக்கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். “இது மஞ்சள்ல அவிச்சதுதானே? நீங்கதானே அவிச்சீங்க?”

பிலோமினா பல்லால் கடித்துத் தன் கயிற்றிலிருந்து ஒரு இழையை உருவினாள். அவளைப் பார்த்துச் சோமா உருவினாள். கண்டக்டர் மகள் உருவினாள். எல்லோரும் உருவினார்கள். பரமுவின் கயிற்றிலிருந்து பிலோமினாவே ஒன்றை இழுத்தாள். ஏழு இழையையும் சேர்த்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்கினார்கள். எங்கோ விசில் ஊதினார்கள்.

“கட்டுங்க ஆயா.”

“நானா?”

“கல்யாணம் கட்டினவ இங்க நீங்களும் அவளும்தான். அவளே அவளுக்குக் கட்ட ஏலுமா?”

நான் மாதாவுக்கு விளக்கேற்றுகிறவள். பிறர் வீட்டுப் பிள்ளை, பிற சமயத்துப் பிள்ளை, பந்து மைதானம், டியூனிக். மேலே ஒருதரம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன், கட்டினேன். முடிச்சு இறுகிய பிறகுதான் பரமு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைக் கழற்றினாள். தங்கத்தை என் உள்ளங்கையில் வைத்தபோது அது அவளுடைய உடம்புச் சூட்டோடு இருந்தது. அதைத் தனியாக வேறொரு முடிச்சாகப் போட்டேன். பறங்கி மிஸ் மறுபடி விரலை விட்டார், நூலைத் தடவினார், தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

முதற்பாதி ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. என் கண் எல்லாம் என் இடுப்பில் இருந்தது.

இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேற்றுப் பக்கம் ஒரு குரல். வெள்ளைச் சேலை, வேர்த்த முகம், கையில் குடை. பரமுவின் மாமி. பரமு தையல் வகுப்பில் இருக்கிறாள் என்றுதான் அந்த அம்மா அதுவரை நினைத்திருந்தார். கடையில் யாரோ, “உங்கட பிள்ளை முழங்கால் தெரியக் குதிச்சுக்கொண்டு நிக்கிறாள்” என்று சொல்ல, வெள்ளவத்தையிலிருந்து வெயிலில் நடந்தே வந்துவிட்டார்.

“எடியே!” பரமுவின் கையைப் பிடித்து ஒரு உலுக்கு. “இதோ உன்ர தையல்? காலைப் பார் காலை! ஆருக்கடி காட்டுறாய்?” உலுக்கிய உலுக்கில் சட்டைக் கழுத்து விலகியது. மாமி குனிந்து பார்த்தார். குடை கீழே விழுந்தது.

“தாலி எங்கயடி?”

மைதானம் முழுக்கக் கேட்டது. பிறகு அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு குந்திவிட்டார். “ஐயோ, என்ர பிள்ளை! கழட்டிப்போட்டாளே! என்ர பிள்ளையின்ர உயிரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு விளையாடுறாளே!”

நான் ஓடிப்போய், “எறியல்ல அம்மா, என்னட்ட இருக்கு” என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

கண்ணீரோடு எழும்பிக் கையை நீட்டினார். “தா.”

“ஏலாது.”

“என்ன?”

“வாங்கின கையிலதான் குடுப்பன். அது எங்கட சட்டம்.”

“நான் ஆர் தெரியுமோ? அது என்ர மகன் கட்டின தாலி!”

மாமி என்றது மாமியாரை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. “மதர் கேட்டாலும் குடுக்க மாட்டேன்” என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் பின்னால் பெரிய மதர் நிற்கிறார்.

கொட்டாஞ்சேனையில் எத்தனை கல்யாணப் பூசை பார்த்தவர்! தாலி என்ற சொல் அவருக்குத் தெரியாதா? தாய் தகப்பன்மாரோடு மதர் பேசும்போது நடுவில் நின்று மாற்றிச் சொல்வதும் என் வேலைதான். என்னைப் பார்த்து, “ஆயா, இந்த அம்மாவிடம் கேள். இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்றார்.

கேட்டேன். கேட்காமல் எப்படி?

மாமி வாயைத் திறக்குமுன் பிலோமினா குறுக்கே வந்து நின்றாள். “மாமி, அவ கழட்ட மாட்டேன்டுதான் சொன்னா. விளையாட்டு வேணாம், இருக்கிறன்டு சொன்னா. அவருக்கு ஒன்டும் ஆகக் கூடாது என்டு நாங்கதான் இதக் கட்டினோம். முதல்ல கட்டிட்டுத்தான் கழட்டினா. ஒரு நிமிசம்கூட வெறுங்கழுத்தா இருக்கல்ல. சத்தியமா.”

மாமி பரமுவின் கழுத்தில் கிடந்த நூலை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பிள்ளைகளின் இடுப்பைப் பார்த்தார். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு இடத்தில் இழை பிய்ந்து நின்றது. சோமாவின் கயிற்றைத் தொட்டு, “நீ ஆற்ற பிள்ளை?” என்று கேட்டார். ஆற்ற என்றால் யாருடைய. சோமா முழித்தாள்.

“மதரிட்டச் சொல்லுங்கோ” என்றார் மாமி என்னிடம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இது நேர்த்திக் கயிறு. என்ர மகன் மலாயாவில இருந்து சுகமா வரவேணும் எண்டு இந்தப் பிள்ளையள் எல்லாம் சேர்ந்து கட்டின நேர்த்தி.”

சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

மதர் விடவில்லை. “நான் கேட்டது கல்யாணம் ஆகிவிட்டதா என்று.”

அதையும் சொன்னேன். மாமி குனிந்து குடையை எடுத்தார், மண்ணைத் தட்டினார். “நான் மறுமொழி சொல்லிப்போட்டன்.”

இழுத்துக்கொண்டு போக வந்த மனுஷி! இப்போது காட்டிக்கொடுக்காமல் நிற்கிறார். மதர் மாமியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். அவர் விரலில் ஒரு மோதிரம் உண்டு, கிறிஸ்துவுக்கு மணமகளாக நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்று போட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவும்போதும் அதைக் கழற்றி நான் கண்டதில்லை. அதைப் பெருவிரலால் மெதுவாக ஒருதரம் சுற்றிவிட்டார்.

“ஆயா, மற்றப் பாதி ஆட்டம் மிச்சமிருக்கிறது. நடுவர் காத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையைப் போகச் சொல்.”

அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மற்றப் பாதியை மாமி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “கருமம், கருமம்” என்றார். கொஞ்ச நேரத்தில் பொத்தியதை எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் குடையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். “போடடி! உந்தக் கூடைக்குள்ள போடடி! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்!”

தோற்றார்கள். ஒரே ஒரு கூடை வித்தியாசம்.

“தோத்தாச்சோ?” என்று மாமி என்னைக் கேட்டார், நான்தான் தோற்றதுபோல. “இவ்வளவுக்கும் பிறகோ?”

நான் முடிச்சை அவிழ்த்து, தங்கத்தைப் பரமுவின் கையில் வைத்தேன். மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், கையை நீட்டவில்லை. பரமு தாலியைப் போட்டுக்கொண்டாள். நூலைக் கழற்றவில்லை. நிறம் மங்கும்போதெல்லாம் கொண்டுவந்து தருவாள், நான் மஞ்சளில் அவித்துக் கொடுப்பேன்.

இதோடு முடித்திருந்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் மிச்சம் இருக்கிறது.

சண்டை முடிந்தது. நாங்கள் கொட்டாஞ்சேனைக் கட்டடத்துக்குத் திரும்பிவிட்டோம். பரமு படிப்பை முடித்து எங்களிடமே சின்ன வகுப்புக்குப் படிப்பிக்க வந்துவிட்டாள். பின்னேரத்தில் நெட்போலும் பழக்கினாள். மற்றவர்களுக்கு அவள் மிஸ், எனக்கு மட்டும் பரமு. மலாயாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள். மாமி ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துக்குப் போவார். பிலோமினாவின் தகப்பன்தான் எந்தக் கப்பல் எப்போது என்று விசாரித்துச் சொல்வார்.

ஒருநாள் பின்னேரம் பரமு மைதானத்துக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

“அவர் வந்திட்டார் ஆயா.”

நான் கையைத் தட்டினேன். “மாதாவே! எப்படி இருக்கிறார்? சுகமா?”

“சுகம். பெண்சாதியும் சுகம். பிள்ளைக்கு மூண்டு வயதாம்.”

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்று வயது. அப்படியென்றால் நாங்கள் அந்த மாமரத்தடியில் ஏழு இழையைத் திரித்து, நான் சிலுவை போட்டு, அவன் உயிருக்காக முடிச்சுப் போட்டேனே, அந்த வருஷம்... அங்கே அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது.

பரமு என் முன்னால் நின்று கையைப் பின்னால் கொண்டுபோனாள். அன்றைக்குக் கழற்ற மாட்டேன் என்று நின்றவள். கொக்கி ஒரே தரத்தில் கழன்றது. தங்கத்தை என் கையில் வைத்தாள். நூலையும் கழுத்திலிருந்து அவிழ்த்தாள். அதை எனக்குத் தரவில்லை. மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிந்துகொண்டாள். விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். பிள்ளைகளை அன்றைக்கு நன்றாக ஓடவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கேற்றடியில் அந்தக் குடை தெரிந்தது. மாமி. அழுது முகம் வீங்கியிருந்தது. என் இடுப்பைப் பார்த்தார், முடிச்சைக் கண்டார். அது என்னவென்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“வாங்கின கையிலதானே குடுப்பியள்?” என்றார்.

“ஓம்.”

“கூப்பிடுங்கோ அவளை.”

கூப்பிட்டேன். என் சட்டப்படி தங்கத்தைப் பரமுவின் கையில் வைத்தேன். அவள் அதை மாமியின் கையில் வைத்தாள். மாமி அதைப் பார்க்காமலே கைப்பைக்குள் போட்டு மூடினார். பிறகு பரமுவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, நூலைப் பார்த்தார், விரலால் தடவினார்.

“அவனை ஊருக்கு அனுப்பிப்போட்டன், அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ எண்டு” என்றார். “உந்தத் தோணிக்காரற்ற பெட்டையும் சோமாவும் விறாந்தையில வந்து குந்தியிருக்கினம், நான் உன்னை அடிச்சுப்போடுவன் எண்டு காவலுக்கு. அவளவைக்கும் சேத்துத்தான் சமைச்சிருக்கிறன். வா, சோறு ஆறுது.”

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். குடை யாருக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள், வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பிள்ளைகள் கழற்றித் தருவதை எல்லாரும் வாங்கி முடிந்து வைப்பார்கள். ஒரு பிள்ளை எதைக் கழற்ற மாட்டேன் என்று நிற்கிறாள் என்பதைப் பாருங்கள். அவசரத்தில் பறிக்காதீர்கள். அந்த நேரம் கூட நிற்கிற பிள்ளைகளை விரட்டவும் விரட்டாதீர்கள். அவர்களுக்கு நம்மைவிட முதலே தெரிந்திருக்கும். முடிச்சை இறுகப் போடுங்கள்.

சரி பிள்ள, பேனையை வை. எங்கே, இவ்வளவையும் ஒருதரம் உரக்க வாசி பார்ப்போம். மெதுவாக வாசி. நான் சொல்லாதது எதையாவது அழகுக்கு மாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே கழற்றிவிடுவேன்.